எண் மட்டும் நினைவிருக்கிறது

கம்மாபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். நெய்வேலிச் சுரங்கத்தில் டீசல் எஞ்சின் மெக்கானிக்காக நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன், இளமையில், சென்னையில் ஒரு கார்ப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டார். அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருக்கிறது. பம்பர் கழற்றப்பட்ட ஒரு ஃபியட் கார். கதவில் வெள்ளை வட்டம். அதற்குள் 14 என்ற எண். ஓட்டுநரின் முகம் தலைக்கவசத்துக்குள் மறைந்திருக்கிறது.

"இது சோழவரம், தம்பி. பதினாலாம் நம்பர் வண்டி. மூலையில திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கடைசிச் சுற்று வரைக்கும் ஓடி ரெண்டாவதா வந்தது" என்றார்.

"ஓட்டியவர் யார் ஐயா?"

பெரியவர் நெடுநேரம் யோசித்தார். எஞ்சினின் ஓசை நினைவிருந்தது. காரின் நிறம் நினைவிருந்தது. எண்ணைப் பற்றி ஐயமே இல்லை. பெயர் மட்டும் வரவில்லை. "உயரமான ஆளு. நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த எண் நிற்கிறது, பெயர் போய்விட்டது. இது ஏன்? அவ்வளவு துல்லியமாக நிற்கும் நினைவை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப் புகுந்தால் மோட்டார்ப் பந்தயத்தின் இயற்பியலையும் சற்றே தொட்டுச் செல்லவேண்டியிருக்கிறது.

விமான தளத்தில் கார்ப் பந்தயம்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையில் இருப்பது சோழவரம். ஏரியால் புகழ் பெற்ற ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே போர் விமானங்களுக்காக ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் எஞ்சியது. 1953-இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிய பின் அந்தத் தளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடத் தொடங்கின. 1980-களின் பிற்பகுதி வரை சோழவரம்தான் தென்னிந்தியப் பந்தயங்களின் தலைநகர். கோவை, பெங்களூர், கல்கத்தா, பம்பாய் எங்கிருந்தெல்லாமோ வண்டிகள் வந்தன. கடல் கடந்து இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள்.

கைவிடப்பட்ட விமான தளம் பந்தயக் களமாவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் களமும் போர்க்கால விமான தளமே. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையும் அப்படியே. காரணம் எளிது. அகலமான கெட்டித் தளம், குறுக்கே மாடும் வண்டியும் வராது, சுற்றிலும் வெட்டவெளி. ஆனால் விமானம் இறங்குவதற்கென்று அமைத்த தளம் தட்டையாகத்தான் இருக்கும். இந்தத் தட்டையான தன்மை ஓட்டுநரின் திறமையை எப்படிச் சோதித்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அங்கே ஓடிய கார்களில் பல நாம் தெருவில் அன்றாடம் பார்த்தவைதாம். ஃபியட், அம்பாசடர், சென்னைக்கு அருகிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1980-களில் இவற்றோடு, பெங்களூரில் உருவான, கண்ணாடி இழை உடலைக் கொண்ட சிபானி டால்பின் என்ற குட்டிக் காரும் சேர்ந்துகொண்டது. கடையில் வாங்கும் காரையே கொண்டுவந்து பந்தயம் விடுவதை அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்பார்கள். அதாவது, கம்பெனிச் சரக்கு அப்படியே. நம் பட்டறைக்காரர்கள் 'கம்பெனி ஃபிட்டிங்' என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதே பொருள்தான்.

'அப்படியே' என்றால் எப்படி?

சொல் எளிது, கடைப்பிடிப்பது கடினம். அமெரிக்காவில் இத்தகைய பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பு தோன்றியது. எந்த மாற்றமும் செய்யாத கார்களுக்கான அதன் முதல் பந்தயம் 1949 ஜூன் 19-ஆம் நாள் சார்லட் நகரில் நடந்தது. 25-ஆம் எண் ஃபோர்டு காரில் வந்த கிளென் டனவே முதலில் முடித்தார். சோதனை போட்டார்கள். பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன! திருட்டுச் சாராயத்தை ஏற்றிக்கொண்டு போலீசாரிடமிருந்து தப்பிப் பறக்கும் வண்டிகளில் செய்யும் வேலை அது. டனவே நீக்கப்பட்டார், 34-ஆம் எண் லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆக, இந்த விளையாட்டின் முதல் முடிவே பந்தயம் முடிந்த பிறகு திருத்தப்பட்ட முடிவாகும்.

நம் ஊர்ப் பந்தயங்களில் ஓரளவு மாற்றங்களுக்கு இடம் உண்டு. நம் பெரியவர் கற்றுக்கொண்ட வேலையே அதுதான். "ஹெட்டை உரசி எடுப்போம்" என்றார். அதன் பொருள் என்ன?

ஃபியட் 1100 காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 1,089 கன சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு 272 க.செ.மீ. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே புகுந்த பெட்ரோல் காற்றுக் கலவை, பிஸ்டன் மேலே ஏறியதும் சிலிண்டர் தலையிலுள்ள சிறு அறைக்குள் நெருக்கித் தள்ளப்படுகிறது. எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்பதே அழுத்த விகிதம். கணக்குக்காக இது 8 என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேலறையின் அளவு 272-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் 39 க.செ.மீ. இதை 10 ஆக உயர்த்த வேண்டுமானால் மேலறை 272-ஐ 9-ஆல் வகுத்த 30 க.செ.மீ. ஆகக் குறைய வேண்டும். சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சில மில்லிமீட்டர் இழைத்துவிட்டால் இது கைகூடும். வெப்ப இயக்கவியலின் கணக்குப்படி, எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு இதனால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறேழு பங்கு கூடுகிறது.

ஆறேழு பங்குதானா என்று எண்ண வேண்டாம். பத்து நிமிட ஓட்டத்தில் முதல் காருக்கும் மூன்றாவது காருக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆனால் பேராசை பெருநட்டம். அளவுக்கு மீறி நெருக்கினால் கலவை தீச்சுடர் வந்து சேரக் காத்திராமல் ஆங்காங்கே தானே வெடிக்கும். எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்கும். அதையும் மதியாமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். 'ஹெட்டை உரசின' கார்களில் எத்தனையோ பாதிச் சுற்றில் புகையோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம்.

தட்டையான மூலையும் சாய்ந்த மூலையும்

பெரியவர் சொன்ன உள்பக்கச் சக்கரத்துக்கு வருவோம். கார் வளைவில் திரும்பும்போது அதை வட்டத்தின் மையம் நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். தட்டையான தளத்தில் அதைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான். உராய்வுக் குணகம் 0.8 என்றும், வளைவின் ஆரம் 30 மீட்டர் என்றும் கொண்டால், வழுக்காமல் திரும்பக்கூடிய மிகுதியான வேகம் மணிக்கு 55 கி.மீ.தான். ஓடுதளத்தின் நேர்ப்பகுதியில் 150 கி.மீ. வேகத்தில் வந்தவர் மூலைக்குள் புகுமுன் 55-க்குக் குறைத்தாக வேண்டும். அதே உராய்வைக் கொண்டு பிரேக் போட ஏறத்தாழ 96 மீட்டர் தேவை. பத்து மீட்டர் முன்னதாகப் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் முந்திவிடுவார். பத்து மீட்டர் தாமதித்தால் தளத்தை விட்டு வெளியே போகவேண்டியதுதான். மூலைகளில் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்ததைப் பெரியவர் சொன்னார். அவை எதற்கு என்று இப்போது விளங்கும்.

உராய்வு தரை மட்டத்தில் செயல்படுகிறது. காரின் எடை மையமோ முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆகவே திரும்பும் கார் வெளிப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். உள்பக்கச் சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறையும்; முற்றிலும் குறைந்தால் சக்கரம் தரையை விட்டு எழும்பும். 14-ஆம் எண் காரைப் பற்றிப் பெரியவர் கூறியது மிகையன்று.

சாய்வான வளைவில் நிலைமை முற்றும் வேறு. அமெரிக்காவின் டேட்டோனா களத்தில் வளைவுகள் 31 பாகை சாய்ந்தவை. ஆரம் ஏறத்தாழ 305 மீட்டர். தரையே காரை உள்நோக்கித் தள்ளுகிறது. தளம் பனிக்கட்டிபோல் வழுவழுப்பாக இருந்து உராய்வே இல்லாவிட்டாலும், மணிக்கு 152 கி.மீ. வேகத்தில் கார் தானாகத் திரும்பிவிடும். உராய்வும் சேர்ந்தால்? 0.8 குணகத்தோடு கணக்கிட்டால் மணிக்கு 323 கி.மீ. வருகிறது! அதே ஆரமுள்ள தட்டையான வளைவானால் 176 கி.மீ.தான். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும். பெருவேகத்தில் இன்னொரு வித்தையும் கைகொடுத்தது. 1960-ஆம் ஆண்டு டேட்டோனாவில் ஜூனியர் ஜான்சன் என்பவர், தம் காரைவிட வேகமான கார்களின் பின்புறத்தை ஒட்டியே ஓட்டி, அவை கிழித்துச் செல்லும் காற்றின் நிழலில் புகுந்து, கடைசியில் பந்தயத்தையும் வென்றார்.

எண்ணை எண்ணும் வேலை

இத்தனை கார்களும் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிறிது நேரத்தில் முன்னே போனது யார், ஒரு சுற்றுப் பின்தங்கி முன்னே தெரிவது யார் என்று பார்ப்பவருக்குக் குழம்பிவிடும். இதற்காகவே காருக்கு எண். கம்ப்யூட்டர் வருமுன், அமெரிக்கப் பந்தயங்களில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து, அந்த எண் கடக்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் குறிப்பார். பல வேளைகளில் அது ஓட்டுநரின் மனைவியாகவே இருக்கும்!

எண்ணைப் படிப்பது அவ்வளவு எளிதன்று. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 10 மீட்டர் அருகிலிருந்து பார்த்தால், அது நேர் எதிரே கடக்கும் கணத்தில் நம் கண் நொடிக்கு 190 பாகை வேகத்தில் திரும்ப வேண்டும். கண்ணால் இயலாது, எண் ஒரு கோடாகத்தான் தெரியும். 60 மீட்டர் தள்ளிப் போனால் நொடிக்கு 32 பாகை போதும். கண் ஒருவாறு பின்தொடர்ந்துவிடும். ஆனால் தொலைவு கூடினால் எண் சிறுத்துவிடுமே? குறையில்லாத கண்ணுக்கு 60 மீட்டரில் 9 செ.மீ. உயர எழுத்துத்தான் எல்லை. ஆடிக்கொண்டும் தூசியைக் கிளப்பிக்கொண்டும் வரும் காரில் அதைப்போல் நான்கு மடங்காவது இருக்கவேண்டும். கதவை அடைத்துக்கொண்டு பெரிதாக எண் எழுதுவதும், பின்னால் வெள்ளை வட்டம் போடுவதும் அழகுக்காக அல்ல. அப்படியிருந்தும் 3, 8 ஆகும். 1, 7 ஆகும்.

இந்தச் சிறு பிழைகளின் விலை என்ன? இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1959 பிப்ரவரி 22. டேட்டோனாவின் முதல் ஐந்நூறு மைல் பந்தயம். 42-ஆம் எண் காரில் லீ பெட்டி. 73-ஆம் எண் காரில் ஜானி போஷம்ப். இருவரும் ஒட்டினாற்போல் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். போதாக்குறைக்கு, சுற்றுப் பின்தங்கிய 48-ஆம் எண் காரும் அவர்களோடு சேர்ந்து அதே கணத்தில் கடந்தது. போஷம்ப் வென்றதாக அங்கேயே அறிவித்தார்கள். பெட்டி ஒப்பவில்லை. புகைப்படங்களையும் செய்திப் படச்சுருளையும் தேடித் திரட்டிப் பார்த்து, மூன்றாம் நாள்தான் வென்றவர் பெட்டி என்று முடிவு செய்தார்கள். அங்கே திரண்டிருந்த கூட்டத்தில் எத்தனையோ பேர் தம் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்திருப்பார்கள்; தீர்ப்பைத் தந்தது படச்சுருள்.

மற்றது மனத்தை உறுத்துவது. வெண்டல் ஸ்காட், வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநர். தம் காரைத் தாமே பழுது பார்த்து ஓட்டியவர். அவருடைய எண் 34. (முதல் பந்தயத்தில் ரோப்பருக்கு வெற்றி தேடித்தந்த அதே 34! எண்ணுக்கு நன்றியுணர்வு ஏது?) 1963 டிசம்பர் 1-ஆம் நாள் ஜாக்சன்வில் நகர மண் தளத்தில் அவர் எல்லாரையும் இரண்டு சுற்று முந்தி முடித்தார். ஆனால் வெற்றிக்கொடி அவருக்கு ஆட்டப்படவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பின்னர், சில மணி நேரம் கழித்து, 'சுற்றுக் கணக்கில் தவறு நேர்ந்துவிட்டது, வென்றவர் ஸ்காட்' என்று ஒப்புக்கொண்டார்கள். கறுப்பர் ஒருவர் மேடையேறிக் கோப்பை வாங்குவதை அன்றைய தென் மாநிலக் கூட்டம் பொறுக்காது என்பதே உண்மையான காரணம் என்பது ஸ்காட்டின் குடும்பத்தார் கருத்து. என் கருத்தும் அதுவே. இரண்டு சுற்று முந்தியவரை எண்ணத் தவறுவதற்கு அசாத்தியத் திறமை வேண்டும். பரிசுப் பணம் கிடைத்தது. ஸ்காட் 1990-இல் மறைந்தார். அந்த வெற்றிக்குரிய கோப்பை 2021-இல்தான் அவர் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது.

இன்று ஒவ்வொரு காரிலும் ஒரு சிறு வானொலிக் கருவி இருக்கிறது. தளத்துக்கடியில் புதைத்த கம்பிச் சுருளை அது கடக்கும்போது தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பதிவாகும். கதவில் எழுதும் எண் இப்போது கணக்கருக்காக அன்று. நம் போன்ற பார்வையாளருக்காக.

நினைவு என்னும் பட்டறை

இனிப் பெரியவரின் மூளைக்குள் எட்டிப் பார்ப்போம்.

நினைவை அளந்து ஆராய்ந்த முன்னோடி எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று கணக்கிட்டு 1885-இல் நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியது மெல்ல மெல்லத் தேயும். அவர் கண்ட இன்னோர் உண்மை: ஒரே மூச்சில் பலமுறை உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டு விட்டுப் படிப்பது நன்றாக நிற்கும். இதைப் பந்தயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒலிபெருக்கியில் ஓட்டுநரின் பெயரை ஓரிரு முறை சொல்லியிருப்பார்கள். அதுவும் எஞ்சின் இரைச்சலில். எண்ணோ ஒவ்வொரு சுற்றிலும், இடைவெளி விட்டு, வண்ணத்தோடும் ஓசையோடும் கண்முன் வந்துபோயிற்று. பத்துச் சுற்றென்றால் பத்துப் பாடம்!

பெயர் என்பதே நினைவுக்கு வழுக்கும் பொருள். இதைக் காட்ட 1987-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. முன்பின் அறியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொரு முகத்தோடும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். 'பேக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ரொட்டி சுடுபவர் என்று பொருள். அது குடும்பப் பெயராகவும் வழங்குவது. அதே சொல் ஒருவரின் தொழிலாகச் சொல்லப்பட்டபோது நினைவில் நின்றது; பெயராகச் சொல்லப்பட்டபோது நழுவிவிட்டது. தொழில் என்றதும் அடுப்பும் மாவும் மணமும் மனத்தில் எழுகின்றன. பெயர் எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. பெரியவருக்கு 14 என்பது ஒரு நிறம், ஓர் ஓசை, தரையை விட்டு எழும்பிய ஒரு சக்கரம். ஓட்டுநரின் பெயர் வெறும் பெயர்.

முதுமையில் இளமை நினைவுகள் மேலோங்குவதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே மிகுதியாக வருகின்றன. சோழவரத்தைப் பற்றிப் பேசுவோர் எவரைக் கேட்டாலும் தம் காலத்துப் பந்தயங்களே சிறந்தவை என்பார்கள். அந்தக் காலம் அவர்களுடைய இருபதாவது வயது என்பதைச் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நினைவில் நிற்பது எல்லாம் நடந்ததா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு அமெரிக்க உளவியலார் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். பிறகு வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 51 கி.மீ. என்றார்கள், 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 65 கி.மீ. என்றார்கள். வேறொரு விபத்துப் படத்தை வைத்து இதே போல் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று வினவினார்கள். 'நொறுங்கியது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய புகைப்படம் அன்று. பட்டறையில் நிற்கும் பழைய கார் போன்றது. வெளியே எடுக்கும்போதெல்லாம் ஏதோ ஓர் உறுப்பை மாற்றுகிறோம். எது கம்பெனிச் சரக்கு, எது பின்னால் போட்டது என்பது உரியவருக்கே தெரியாமல் போய்விடுகிறது.

சோழவரத்துக்குப் பின்

1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கி.மீ. நீளமுள்ள தளம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் ஆரவாரம் ஓய்ந்தது. சோழவரத்தில் கை தேர்ந்தவர்களில் கோவை கரிவர்தனைத் தனியே சொல்லவேண்டும். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தவர். ஓட்டியதோடு நிற்கவில்லை, 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை நம் நாட்டிலேயே குறைந்த செலவில் செய்து காட்டினார். இளைஞர் பலர் அதில்தான் பழகினார்கள். 1995-இல், ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டபோது நேர்ந்த விபத்தில் நாற்பத்தொரு வயதில் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே கோவையிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இது பலரும் அறிந்தது. பலர் அறியாதது ஒன்று உண்டு. 2010 மார்ச்சில் அவர் அமெரிக்கா சென்று, நாஸ்கார் நடத்தும் பிக்கப் லாரிப் பந்தயத் தொடரில், மார்ட்டின்ஸ்வில் களத்தில் 60-ஆம் எண் வண்டியை ஓட்டினார். தாள் செருகும் கிளிப் வடிவத்தில், சுற்றுக்கு 850 மீட்டர்கூட இல்லாத குட்டிக் களம் அது. வெண்டல் ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லிலிருந்து அதிகத் தொலைவில்லை. அதற்கு முன் அத்தகைய வண்டியில் பந்தயம் ஓட்டியறியாத நரேன் 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு அத்தொடரின் ரசிகர்கள் தங்கள் மனங்கவர்ந்த ஓட்டுநராக அவரையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

அமெரிக்க ரசிகர்களுக்கு எண்ணே ஆளின் பெயர். 43 என்றால் இருநூறு பந்தயம் வென்ற ரிச்சர்டு பெட்டி. 42-ஆம் எண் லீ பெட்டியின் மகன். 3 என்றால் கறுப்புக் காரில் வந்த டேல் எர்ன்ஹார்டு. 2001 பிப்ரவரி 18-ஆம் நாள் டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் அவர் கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குச் சாதாரண மோதலாகவே தோன்றியது. பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்த, தலை மட்டும் முன்னே பாய்ந்ததில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலைக்கவசத்தைத் தோளோடு பிணைத்துக் கழுத்தைத் தாங்கும் கருவி அப்போதே இருந்தது. பலர் அதை மதிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அது கட்டாயமாக்கப்பட்டது. 3 என்ற எண்ணை முதன்மைப் பந்தயங்களில் 2014 வரை எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

மீண்டும் கம்மாபுரம்

சென்ற மாதம் பெரியவர் ஆள் அனுப்பி என்னை அழைத்தார். பரணில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். சோழவரம் போகும்போது பட்டறை நண்பர்களோடு பந்தயம் கட்டிக்கொண்டு, அவரே பென்சிலால் சுற்றுக் கணக்கு எழுதுவாராம். இடது ஓரத்தில் எண்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே சிறு கோடுகள். அந்த நாளின் பக்கம் கிடைத்தது. ஓட்டுநர் பெயர் ஒன்றுகூட இல்லை.

விரலை வைத்து எண்ணினேன். மற்ற கார்களுக்குப் பதினைந்து கோடுகள். 14-க்கு ஒன்பதுதான். அதற்குமேல் வெறும் இடம்.

"ஐயா, கணக்குப்படி பதினாலு ஒன்பதாவது சுற்றிலேயே நின்றுவிட்டதே? இரண்டாவதாக வந்தது என்றீர்கள்."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் எண்ணினார். எஞ்சின் நின்றுபோயிருந்தால் புகை வந்திருக்கும், புகை வந்ததாக நினைவில்லை என்றார். பிறகு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"டீ குடிக்க எழுந்து போயிருப்பேன், தம்பி."

நோட்டைத் திரும்பத் தகரப் பெட்டியில் வைத்தார். படம் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.